ஆற அமர: யோகா பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில், குமாரசாமிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் 2010இலிருந்து காலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2022இல் ஓய்வு பெறும்வரை அரசுப் பேருந்தில் கண்டக்டர் வேலை, அதோடு சேர்த்துத்தான் இந்த வகுப்பும் நடந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள், வரலாமா என்று யோசிக்கிறவர்கள், யாரோ சொல்லிப் போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவசரத்தில் பாதி பதில் சொல்லி அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யோகா செய்தால் நோய் குணமாகிவிடுமா?

ஆமாம் குணமாகும் என்று சொல்லி ஆள் சேர்க்க எனக்கு வாய் வராது. சில தொந்தரவு குறையும். சிலது அப்படியே இருக்கும், ஆனால் அதைத் தாங்குகிற உடம்பும் மனசும் மாறும். நம் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான்: ஆறுவது. புண் ஆறிவிட்டது என்கிறோம், பால் ஆறட்டும் என்கிறோம், மனசு ஆறவே இல்லை என்கிறோம், பதறுகிறவரை ஆற அமர உட்காரச் சொல்கிறோம். காயம், சூடு, துக்கம், பதற்றம் நாலுக்கும் ஒரே சொல். யோகா செய்கிற வேலை இந்த ஆற்றுகிற வேலைதான். ஆனால் அடுப்பிலிருந்து பாலை இறக்காமல் எவ்வளவு ஊதினாலும் ஆறாது இல்லையா, அதுபோல ராத்திரி ஒரு மணி வரை போன், தினமும் குடி, வேளைக்குச் சாப்பிடாமல் ஓடுவது இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு காலையில் அரை மணி நேரம் ஆசனம் செய்தால் பலன் குறைவாகத்தான் இருக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவை என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இருக்கிறது. தூக்கம், பதற்றம், ரத்த அழுத்தம் இவற்றில் மருந்தோடு சேர்ந்து துணை நிற்கும். துணை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கண்டக்டராக இருந்தவர் இதற்குள் எப்படி வந்தீர்கள்?

2005இல் சேலம் டிரிப். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் ஏதோ வண்டி நின்றுவிட்டதால் எங்கள் பஸ்ஸும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பஸ் நடுவில் நின்றிருந்தார், கையில் மஞ்சப்பை. "பின்னாடி சீட் காலி இருக்கு, போய் உட்காருங்க ஐயா" என்று நான்தான் அனுப்பினேன். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னால் வந்து மோதியது. அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை. எனக்கு முதுகில் அடி, அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் முதுகு தேறிவிட்டது என்று எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் பின்னால் வருகிற வண்டி ஏர் பிரேக் போட்டு உஸ்ஸென்று சத்தம் வந்தால் போதும், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கட்டையாக இறுகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தூக்கம் வராது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். "காலி சீட் இருக்கு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு எழும்பாது, கையை மட்டும் காட்டுவேன். இதை ஒரு நோய் என்று நான் நினைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த வருஷம், என் பஸ்ஸில் தினமும் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றார். அவர் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற தியான, உடற்பயிற்சி முறையும் ஆசனங்களும் பல வருஷமாகப் பழகினவர். போனேன். ஆசனம் எதுவும் சொல்லித்தரவில்லை. பாயில் படுக்கச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, "டிக்கெட் எண்ணுவீங்களே, அந்த மாதிரி வெளியே போற மூச்சை எண்ணுங்க" என்றார். நாற்பது நாளுக்கு அது மட்டும்தான். முதல் பத்து நாள் பதினைந்துக்கு மேல் எண்ண முடியாமல் எண்ணிக்கை விட்டுப்போகும். ஒரு நாள் எண்ணிக்கொண்டே தூங்கிப்போய், எழுந்து பார்த்தால் மணி எட்டு. அவருடைய மனைவி என்னை எழுப்பாமல் மின்விசிறியை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மூச்சைக் கவனித்தால் அப்படி என்னதான் நடக்கிறது?

உங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். மூளையின் அடித்தண்டிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் ஓடுகிற வேகஸ் என்ற நரம்பு இருக்கிறது, அதுதான் இதயத்துக்கு பிரேக் மாதிரி. வெளிமூச்சு நீள நீள அந்த பிரேக் மெல்ல அழுத்தப்படுகிறது, அதனால்தான் உடம்பு தளர்கிறது. ஓய்வாக இருக்கிற ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். அதை ஆறு தடவைக்கு இறக்கினால், அதாவது நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து வருவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

வகுப்பில் நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். அடக்க வேண்டாம், கணக்கு வராவிட்டால் மூன்று எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுங்கள், திணறினால் விட்டுவிடுங்கள். அப்புறம் பிராமரி, வாயை மூடிக்கொண்டு வண்டு ரீங்காரம் மாதிரி ம்ம்ம் என்று சத்தத்தோடு மூச்சை விடுவது. தூக்கம் வராதவர்களுக்கு நான் பார்த்தவரையில் இதுபோல் கைகொடுத்தது வேறில்லை. அப்புறம்தான் நாடி சுத்தி, மூக்கின் இரண்டு துவாரத்திலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, முதுகும் தோளும் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

எங்கள் பக்கம் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பது புளி தட்டுகிற பெண்கள். தை, மாசியில் புளி உலுக்க ஆரம்பித்தால் சித்திரை தாண்டியும் அந்த வேலை ஓடும். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இடது கையில் பழத்தைப் பிடித்து வலது கையால் தட்டித் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு, அதனால் எழுந்து நிற்க மனசு வராது.

அவர்களில் ஒரு அம்மா மூன்று வருஷம் முன்னால் வந்தார். சவாசனத்தில், அதாவது மல்லாந்து கை கால் தளர்த்திப் படுக்கச் சொன்னேன். படுத்தும் வலது தோள் மட்டும் காதை நோக்கி ஏறியே இருந்தது, விரல்கள் இன்னும் புளியைப் பிடித்திருக்கிற மாதிரி மடங்கியே இருந்தன. "தோளை இறக்குங்கம்மா" என்றால் "இறங்கித்தானே இருக்கு" என்கிறார், நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நான் தொடவில்லை. இரண்டு தோளையும் மூச்சை இழுத்தபடி நன்றாக மேலே தூக்கச் சொல்லி, விடும்போது பொத்தென்று போடச் சொன்னேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ வலது தோள் பாயைத் தொட்டது. "அடியாத்தி, இது இங்கதான் இருக்கணுமா" என்றார். வலி அன்றைக்கே போய்விடவில்லை, அந்த சீசன் முழுக்க வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் தோள் எப்போது ஏறுகிறது என்று வேலையின் நடுவிலேயே அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது, தெரிந்தவுடன் இறக்கிக்கொள்கிறார். அதுதான் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து சுவரோடு முதுகை ஒட்டி நின்று கையை மேலே நீட்டி தாடாசனம், ஐந்து மூச்சு. ராத்திரி படுக்குமுன் மகராசனத்தில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம், முழங்கையைத் தரையில் ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குகிற தாழ்ந்த புஜங்காசனம், அப்புறம் மல்லாந்து ஒவ்வொரு காலாக மடக்கி பவன முக்தாசனம். கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி வலி இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஆசனமே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரால் மூட்டு இறுகிப்போனவர்களுக்கு யோகா உதவுமா?

இதை வெளியூர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் கேட்பார்கள். நம் பாறை அப்படி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் பல கிராமங்களில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறையாகக் குடித்தோம். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும், அதைச் சின்ன வயதிலேயே பார்க்கலாம். பல வருஷம் போனால் எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து முதுகும் கழுத்தும் இறுகும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது பெரிய வரம், ஆனால் அதற்கு முன்னால் எலும்பில் ஏறியதைத் தண்ணீர் திரும்ப இறக்காது.

என் அம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். கடைசிப் பத்து வருஷம் அவர் முகவாயை நெஞ்சுப் பக்கம் குனிக்க முடியாது, யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு முழுசாகத் திரும்புவார். அவருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். வளைக்கவே இல்லை. அந்த எலும்பு கனமாக இருந்தாலும் உறுதி கிடையாது, அழுத்தினால் முறியலாம். நாற்காலியில் உட்கார்ந்து விரல் மடக்கி நீட்டுவது, கணுக்காலைச் சுற்றுவது, எவ்வளவு வருமோ அவ்வளவு தோளைச் சுற்றுவது, கூடவே பிராமரி. ஃப்ளோரைடை யோகா எடுத்துவிடாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஜாக்கெட் கொக்கியைத் தானே போட்டுக்கொள்ள முடிந்தது அம்மாவுக்கு, கடைசிவரைக்கும். அவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுகர், பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. சுகரோ பிபியோ குறைவதாகத் தெரிந்தால் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், மாத்திரையைக் குறைப்பதை அவர் செய்வார். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வருகிறவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லுங்கள். பிபி அதிகம் உள்ளவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சியும் மூச்சை அடக்குவதும் செய்ய வேண்டாம். கண்ணில் நீர் அழுத்தம், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் தலைகீழ் ஆசனம் எதுவும் வேண்டாம். குடலிறக்கம், சமீபத்தில் வயிற்று அறுவை, வலிப்பு இதெல்லாம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்களால்தான் எனக்குப் பயம்.

கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது, சில நேரம் அழுகை வருகிறது. நான் தப்பாகச் செய்கிறேனா?

இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே கிடப்பது கிடக்கும், உடம்பு கொஞ்சம் தளர்ந்தவுடன் அது எழுந்து வரும். விபத்து, அடி, சாவு, சின்ன வயதில் நடந்த கொடுமை இவற்றைப் பார்த்தவர்களுக்கு, கண்ணை மூடி அசையாமல் கிட என்று சொல்வதே சில சமயம் தண்டனை மாதிரி ஆகிவிடும். அதனால் கண்ணைத் திறந்தே வையுங்கள், மாடிச் சுவரிலோ வேப்பமரத்திலோ ஓர் இடத்தைப் பாருங்கள். படுக்கப் பிடிக்கவில்லையென்றால் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கதவுப் பக்கத்தில் பாய் விரிக்க ஆசைப்பட்டால் விரியுங்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பழைய கொடுமைகளால் வந்த பி.டி.எஸ்.டி. என்ற மனநோய் சிகிச்சைக்கும் தீராமல் இருந்த 64 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப்பேருக்கு 10 வாரம் மென்மையான யோகாவும் மறு பாதிக்கு உடல்நலக் கல்வி வகுப்பும் கொடுத்தார்கள். முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு அந்த நோயின் அளவுகோலுக்குள் வருகிற நிலை இல்லாமல் போயிருந்தது, மற்ற குழுவில் 21 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்தபோது என் வாத்தியார் ஏன் நாற்பது நாள் என்னைச் சும்மா படுக்க வைத்தார் என்று எனக்குப் புரிந்தது.

ஒன்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். சாகலாம் போல நினைப்பு வந்தால், வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லையென்றால், யோகா வகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அரசு மருத்துவ உதவி எண் 104க்கும் பேசலாம். மனநல டாக்டரைப் பார்ப்பது முதுகுக்கு எலும்பு டாக்டரைப் பார்ப்பது மாதிரிதான். நான் முதலிலேயே போயிருக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? தானே செய்துகொண்டால் போதாதா?

எனக்குப் போதவில்லை. 2006லிருந்து நாலு வருஷம் தனியாகச் செய்தேன். தூக்கம் வந்தது, முதுகு தளர்ந்தது, வீட்டில் கத்துவது குறைந்தது. ஆனால் அந்தப் பெரியவர் அப்படியே இருந்தார். எவ்வளவு மூச்சு எண்ணினாலும், எண்ணி முடித்ததும் மஞ்சப்பையோடு பின்சீட்டுக்கு நடந்து போவார்.

2010இல் வாத்தியாருக்குக் கண்ணில் புரை அறுவை. "ஒரு மாசம் வகுப்பை நீங்க பாத்துக்கங்க, நடத்துநர்தானே, நடத்துங்க" என்று சிரித்தார். பதினோரு பேர். முதல் நாள் என்ன சொல்வதென்றே தெரியவில்லை, எனக்குத் தெரிந்த ஒன்றையே சொன்னேன்: "மெதுவா விடுங்க, அவசரமில்ல, முழுசா விடுங்க." இருபது வருஷத்துக்கு மேலாக "உள்ள போ, உள்ள போ, போலாம் ரைட்" என்று கத்தின தொண்டை அது. அதே தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வருவதை முதல் முதலாக நானே கேட்டேன். பேச்சு என்பதே வெளிமூச்சில்தான் வரும், கவனித்துப் பாருங்கள், மெதுவாகப் பேசிப் பேசி வகுப்பு நடத்தினால் ஒரு மணி நேரம் நாமும் நீளமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உடம்பு அளவில் இது ஒரு காரணம்.

இன்னொன்று, தனியாகச் செய்யும்போது என் கவனம் முழுக்க என் மேலேயே இருக்கும், என் வலி, என் தூக்கம், என் குற்றம். வகுப்பு எடுக்கும்போது பதினோரு வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும், யாருடைய மூச்சு நெஞ்சிலேயே நிற்கிறது, யார் பல்லைக் கடிக்கிறார்கள், யாருக்கு முழங்காலுக்கு அடியில் துணி வேண்டும் என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நான் என்னை விட்டுவிடுகிறேன். அது மறப்பது இல்லை, கொஞ்சம் இறக்கி வைப்பது.

அந்த மாசத்திலேயே ஒரு நாள் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தாமதமாக வந்து எங்கே படுப்பதென்று தயங்கி நின்றார். "பின்னாடி இடம் இருக்கு, போய் உட்காருங்க ஐயா" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. ஐந்து வருஷமாகச் சொல்லாத வாக்கியம். அவர் போய் ஜமக்காளத்தை விரித்துப் படுத்தார். சவாசனம் முடிகிறவரைக்கும் நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறுவதும் இறங்குவதுமாக. வகுப்பு முடிந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா தூங்கிட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்றைக்கு நான் மாடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். அதற்கப்புறம் எனக்கு ஆற ஆரம்பித்தது. தழும்பு இருக்கிறது, ஆனால் ஏர் பிரேக் சத்தத்துக்குக் கழுத்து இறுகுவதில்லை.

இதனால் எல்லோரும் வாத்தியாராகிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தன் காயம் பச்சையாக இருக்கும்போதே கற்றுக்கொடுக்கக் கிளம்பினால் அந்தப் பாரத்தை வருகிறவர்கள் தலையில் இறக்கிவிடுவோம். நான் வகுப்பில் என் கதையைச் சொல்வதில்லை, இங்கே எழுதுவதோடு சரி. அவர்கள் தங்கள் மூச்சைப் பார்க்க வருகிறார்கள், என் கண்ணீரைப் பார்க்க இல்லை. என் சொந்தப் பயிற்சியைத் தினமும் நாலரை மணிக்கு முடித்துவிட்டுத்தான் மாடியேறுகிறேன்.

நானும் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறேன். என்ன படிக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு மூன்று வருஷம் ஒருவரிடம் நேரில் பழகுங்கள், அதுதான் முதல் படிப்பு. அப்புறம் சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய அரசின் பாரம்பரிய மருத்துவத் துறையான ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியம் பல நிலைகளில் தேர்வு நடத்துகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகா படிப்புகள் உள்ளன. நோய்க்குச் சிகிச்சை கொடுக்கவே ஆசை என்றால் அது வேறு வழி: பிளஸ் டூ முடித்து ஐந்தரை வருஷம் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு, சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அந்தப் படிப்பு படிக்காத என்னைப் போன்றவர்கள் "இந்த நோய்க்கு இந்த ஆசனம்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது தப்பு.

என் உடம்பு வளையவே வளையாது. வரலாமா?

வளையாதவர்களுக்குத்தான் வகுப்பு. கிருஷ்ணகிரிக்கு அடுத்த கோலார் மாவட்டத்தில் பெல்லூர் என்று ஒரு ஊர். 1918இல், விஷக்காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போன வருஷத்தில், அங்கே பிறந்த ஒரு பையனுக்கு மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது, கை கால் குச்சி மாதிரி. மைசூரில் யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்தான். பதினெட்டு வயதில் பூனாவுக்குக் கற்றுக்கொடுக்கப் போனான். பி.கே.எஸ். அய்யங்கார் என்றால் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரியும். முடியாத உடம்பு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் கட்டை, பட்டை, நாற்காலி, கயிறு என்று எதையெல்லாமோ ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார் என்று நான் நினைக்கிறேன். என் மாடியில் செங்கல்லுக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், பழைய வேட்டியைக் கிழித்த பட்டை இருக்கிறது. கை கால் விரலைத் தொடவில்லையென்றால் பட்டை தொடும்.

வேறு மதத்துக்காரர்கள் செய்யலாமா?

என் வகுப்புக்கு எல்லோரும் வருகிறார்கள். ஒரு பாய் கறிக்கடை வைத்திருக்கிறார், விடியற்காலைத் தொழுகை முடித்துவிட்டு நேராக வருவார். சர்ச்சுக்குப் போகிற நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார். ஓம் சொல்ல விருப்பமில்லாதவர்கள் ம்ம்ம் என்று மட்டும் சொல்கிறார்கள், சும்மாவும் இருக்கிறார்கள். இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க மாட்டேன், பதஞ்சலியையும் திருமூலரையும் வணங்குகிறவன் நான். ஆனால் மூச்சுக்கு நுழைவுச்சீட்டு கேட்பதில்லை.

மாதவிடாய், கர்ப்பகாலத்தில்?

பெண்கள் வகுப்பை என் மனைவிதான் பார்த்துக்கொள்கிறார், அவர் சொல்வதை எழுதுகிறேன். மாதவிடாய் நாட்களில் விருப்பப்பட்டால் வரலாம். தலைகீழ் ஆசனமும் வயிற்றை அழுத்துவதும் வேண்டாம், முதுகுக்குத் தலையணை வைத்துப் படுத்து மூச்சு மட்டும் போதும். கர்ப்பம் என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவேண்டும், குப்புறப் படுப்பது, முறுக்குவது, கபாலபாதி எதுவும் கிடையாது. குழந்தை பிறந்து வீட்டிலேயே அடைந்து கிடந்து மனசு வாடுகிற பெண்களை மாமியார்களே கூட்டிவந்து விடுகிறார்கள் இப்போது, அது எனக்கு ரொம்பச் சந்தோஷம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரலாம், யாராவது ஒருவர் வைத்துக்கொள்வார்.

எந்த நேரத்தில் செய்வது? சாப்பிட்டுவிட்டுச் செய்யலாமா?

காலை நல்லது, முடியாதவர்கள் சாயங்காலம். இட்லி என்றால் இரண்டரை மணி நேரம் விடுங்கள், களி சாப்பிட்டிருந்தால் நாலு மணி நேரமாவது ஆகட்டும். முட்டி போட்டுக் குதிகால் மேல் உட்காருகிற வஜ்ராசனம் மட்டும் சாப்பிட்டவுடன் உட்காரலாம், முழங்கால் வலி இல்லாதவர்கள்.

யூடியூப் பார்த்துச் செய்யலாமா?

பழகினவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒரு மாதமாவது யாரிடமாவது நேரில் வாருங்கள். உங்கள் தோள் காதுக்கு ஏறியிருப்பதை வீடியோ பார்க்காது.

எத்தனை நாளில் பலன் தெரியும்? நடுவில் விட்டுப்போனால்?

தூக்கத்தில் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரிந்ததாகப் பலர் சொல்கிறார்கள். முதுகுக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். துக்கத்துக்கு நான் நாள் சொல்ல மாட்டேன். ஜூன் 21 யோகா தினத்துக்கு மாடி நிறைந்துவிடும், 22ஆம் தேதியும் அவர்கள் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் ஏங்குவேன். மாங்காய் சீசன், கல்யாணம், பெங்களூருக்கு வேலைக்குப் போவது என்று எல்லோருக்கும் விட்டுப்போகத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து வந்தாலும் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். முதல் நாள் மாதிரி மூச்சை எண்ணுவதிலிருந்து ஆரம்பியுங்கள், வாரத்துக்குள் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

கட்டணம் எவ்வளவு? என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டணம் கிடையாது. வாத்தியார் என்னிடம் வாங்கவில்லை, எனக்குப் பென்ஷன் வருகிறது. மாடியில் வெயிலுக்குக் கீற்றுப் போட வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் முடிந்ததைப் போடுகிறார்கள். யோகா மேட் வாங்க வேண்டியதில்லை, வழுக்காத ஜமக்காளமோ பாயோ, ஒரு போர்வை, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். இறுக்கமில்லாத எந்தத் துணியும் சரி, புடவையில் வருகிறவர்கள் புடவையிலேயே வரலாம். ஐந்தரைக்கு ஆரம்பம். தாமதமானால் கீழேயே நின்றுவிட வேண்டாம், செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் ஏறி வாருங்கள், பின்னால் இடம் இருக்கும்.